அண்ணன் மகன் அனுப்பிய பதினேழு செட்டிங்

கடைக் கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டி போட்டது 2021 ஆடி மாதத்தில். எஸ்எஸ்டி என்றால் ஹார்ட் டிஸ்க் மாதிரி சுற்றுகிற தட்டு இல்லாமல், சிப்பில் எழுதுகிற வேகமான டிஸ்க். ஆடியில் கல்யாணப் பத்திரிகை வேலை படுத்துவிடும். கூழ் ஊற்றுகிற நோட்டீஸ், தீமிதி நோட்டீஸ் என்று ஏதாவது வரும்; அந்த வருஷம் கொரோனா கட்டுப்பாட்டில் அதுவும் சுருங்கிப்போயிருந்தது. மெஷினைப் பிரித்துப் போட அதைவிடத் தோதான மாதம் எங்கள் தொழிலில் கிடையாது.

கும்பகோணத்தில் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கிற சின்ன டிடிபி கடை என்னுடையது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், உதவிக்கு ஒரு பெண். கம்ப்யூட்டர் 2013-இல் வாங்கியது. மூன்றாம் தலைமுறை ஐ3, எச்61 போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். காலையில் ஷட்டரைத் தூக்கி சுவிட்சைப் போட்டுவிட்டு, வாசல் கூட்டி, தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்குப் பூ வைத்து, எதிர்க்கடையில் டீ வாங்கிக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால்தான் டெஸ்க்டாப் முழுசாக வந்திருக்கும். கோரல் டிரா திறக்க இன்னொரு டீ குடிக்கலாம். சிஸ்டம் சர்வீஸ் பண்ணுகிற பையன் வந்து, 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை மாட்டி, பழைய டிஸ்க்கில் இருந்த விண்டோஸ் 10-ஐ அப்படியே குளோன் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். மறுநாள் காலை நான் விளக்குமாற்றை எடுத்துத் திரும்புவதற்குள் டெஸ்க்டாப் வந்து நின்றது. ஏதோ கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் சென்னையில் இன்ஜினியரிங் படிக்கிற அண்ணன் மகனிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் சந்தோஷப்படவில்லை. பதறினான்.

“அத்த, சும்மா மாட்டிட்டு அப்படியே ஓட்டறீங்களா? எஸ்எஸ்டில எழுத எழுத தேயும். செட்டிங்லாம் மாத்தலன்னா ரெண்டு வருஷத்துல போயிடும்.”

அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது. எங்கிருந்தோ காப்பி செய்து அனுப்பியிருந்தான். பதினேழு மாற்றங்கள். போனில் பார்த்துப் பார்த்துச் செய்வது சிரமம் என்று அதை ஏ4-இல் பிரிண்ட் எடுத்து, மானிட்டர் பக்கத்துச் சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றாகச் செய்து பேனாவால் டிக் போட்டேன். ஆடி மாதம், வேலையும் இல்லை. இரண்டு நாளில் பதினேழும் முடிந்தது.

அடுத்த ஒன்றரை வருஷத்தில் அதில் பதினாறை ஒவ்வொன்றாகத் திருப்பி மாற்றினேன்.

முதலில் போனது பேஜ் ஃபைல். ஓடுகிற வேலையைத் தற்காலிகமாக வைத்துக்கொள்கிற மெமரிதான் ராம். அதில் இடம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் கொஞ்சம் இடத்தை ராம் மாதிரி பயன்படுத்திக்கொள்ளும்; அதுதான் பேஜ் ஃபைல். “இதை நிறுத்தினால் டிஸ்க்கில் எழுதுவது குறையும்” என்றது பட்டியல். நிறுத்தினேன். ஒரு வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு காதணி விழா ஃப்ளெக்ஸ் வந்தது, பத்துக்கு எட்டு அடி. குழந்தை, தாத்தா பாட்டி, தாய்மாமன்கள், கட்சிக்காரர் என்று பதினான்கு தலைகள். ஒவ்வொரு தலையும் போனில் எடுத்த பெரிய படம். ஒன்பதாவது தலையை வெட்டி வைத்துக்கொண்டிருக்கும்போது மெமரி போதவில்லை என்று ஒரு பெட்டி வந்தது. ஓகே கொடுத்தேன். கோரல் டிரா மூடிக்கொண்டது. தாய்மாமன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். “நம்ம தலை வந்த நேரம் பாரு” என்றார்.

4 ஜிபி ராம் வைத்திருக்கிறவள் பேஜ் ஃபைலை நிறுத்துவது, ஒரே ஒரு குடம் தண்ணீர் இருக்கிற வீட்டில் தொட்டியை உடைக்கிற மாதிரி என்று அன்று இரவுதான் உறைத்தது. தேடிப் படித்தபோது கிடைத்தது இன்னும் சுவாரசியம். விண்டோஸ் 7 வெளிவருவதற்கு முன்பே, 2009 மே மாதத்தில், மைக்ரோசாஃப்ட் இன்ஜினியர்கள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பேஜ் ஃபைலில் ஒரு முறை எழுதினால் சுமார் நாற்பது முறை படிக்கிறதாம் விண்டோஸ். சின்னச் சின்னத் துண்டுகளாகப் படிப்பதுதான் அதிகம். எஸ்எஸ்டி வெளுத்து வாங்குகிற வேலையே அதுதான். எஸ்எஸ்டியில் வைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஃபைல் சிலதுதான் இருக்கும் என்பது அவர்கள் முடிவு. நானோ அதைப் பிடுங்கி எறிந்திருந்தேன்.

ஃபோட்டோஷாப் தன் தற்காலிக வேலைக்கு எடுத்துக்கொள்கிற இடமான ஸ்க்ராட்ச் டிஸ்க்கையும் பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றச் சொல்லியிருந்தது பட்டியல். மாற்றியிருந்தேன். தற்காலிக ஃபைல்கள் விழுகிற டெம்ப் ஃபோல்டரும் அங்கேதான் போயிருந்தது. ஆக, புது எஸ்எஸ்டி பூஜை அறைப் பாத்திரம் மாதிரி பளபளவென்று சும்மா இருக்க, கஷ்டமான வேலையெல்லாம் எட்டு வருஷக் கிழட்டு டிஸ்க் முனகிக்கொண்டே செய்தது. வேகத்துக்காக இரண்டாயிரத்துச் சொச்சம் செலவழித்துவிட்டு, அந்த வேகம் தேய்ந்துவிடுமோ என்று அதைத் தொடாமலே வைத்திருந்தேன். பட்டுப்புடவை வாங்கி பீரோவில் பூட்டிவைக்கிற கதை.

எது உண்மையில் தேய்கிறது, எவ்வளவு தேய்கிறது என்று அப்புறம்தான் உட்கார்ந்து பார்த்தேன்.

எஸ்எஸ்டிக்குள் நடப்பதை எனக்கு நானே விளங்கவைத்துக்கொண்டது கல்யாணப் பந்தியை வைத்துத்தான். பந்தியில் வரிசையாக இலை போட்டிருக்கிறது. காலி இலையில் உடனே பரிமாறலாம். ஒருவர் சாப்பிட்டுப் போன இலையிலேயே அடுத்தவருக்குப் பரிமாற முடியாது. எடுத்துவிட்டுப் புது இலை போட வேண்டும். ஒற்றை இலையை மட்டும் எடுக்கிற வழக்கமும் இல்லை. மேஜை விரிப்புத் தாளோடு சேர்த்து ஒரு வரிசையையே சுருட்டி எடுப்பார்கள். எஸ்எஸ்டியும் இப்படித்தான். எழுதுவது சில கிலோபைட் அளவுள்ள பக்கங்களில். அழிப்பது அப்படிப் பல பக்கங்கள் சேர்ந்த ஒரு பெரிய கட்டத்தை மொத்தமாக. அந்தக் கட்டத்தை இத்தனை முறைதான் அழித்து எழுதலாம் என்று ஒரு வரம்பு உண்டு. தேய்மானம் என்பது அதுதான்.

ஒரு வரிசையில் இரண்டு பேர் மட்டும் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் என்ன செய்வது? அவர்களை இலையோடு வேறு வரிசைக்கு மாற்றி உட்காரவைத்துவிட்டுத்தான் தாளைச் சுருட்ட முடியும். நிஜக் கல்யாணத்தில் அப்படிச் செய்தால் சம்பந்தி சண்டை வரும். எஸ்எஸ்டிக்குள் இருக்கிற கன்ட்ரோலர் ராப்பகலாக இதைத்தான் செய்கிறது. ஒரே மேஜையே எப்போதும் அடிபடாமல் எல்லா மேஜைகளுக்கும் பந்தியை மாற்றி மாற்றிப் போடுவதையும் அதுவே பார்த்துக்கொள்கிறது.

இதில் டிரிம் என்பது இலையை மூடுவது. நான் ஒரு ஃபைலை அழித்தால் விண்டோஸுக்கு அது அழிந்தது தெரியும். டிஸ்க்குக்குத் தெரியாது. இலையை மூடாமல் எழுந்துபோன ஆள் மாதிரி. கை கழுவிவிட்டுப் பாயசத்துக்குத் திரும்பி வருவாரா, போயேவிட்டாரா? தெரியாததால் அந்தச் சாப்பிட்ட இலையையும் பத்திரமாக அடுத்த வரிசைக்குத் தூக்கிக்கொண்டு போகும் டிஸ்க். வீண் வேலை, வீண் தேய்மானம். “இந்த இடங்களில் இருந்ததெல்லாம் இனி வேண்டாம்” என்று விண்டோஸ் சொல்வதுதான் டிரிம். விண்டோஸ் 7-இலிருந்து இது தானாகவே உண்டு. அதற்கு முந்தைய எக்ஸ்பியிலும் விஸ்டாவிலும் இல்லை.

பட்டியலின் பத்தாவது வரியைப் பார்த்து நான் தலையில் அடித்துக்கொண்டது இதனால்தான். “டிஃப்ராக் ஷெட்யூலை நிறுத்தவும்” என்று இருந்தது. டிஃப்ராக் என்றால் டிஸ்க்கில் சிதறிக்கிடக்கிற ஃபைல் துண்டுகளைச் சேர்த்து அடுக்குவது. நிறுத்தியிருந்தேன். விண்டோஸ் 8-இலிருந்து அந்த ஜன்னலின் பெயரே மாறி ‘ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ ஆகிவிட்டது. ஹார்ட் டிஸ்க் என்றால் டிஃப்ராக் செய்யும். எஸ்எஸ்டி என்று தெரிந்தால் டிரிம் அனுப்பும். ஃபைலை அழிக்கிறபோதே டிரிம் போய்விடும்தான், ஆனால் டிஸ்க்குக்கு வேலை நெருக்கும்போது சிலது விடுபடலாம். விடுபட்டதையும் சேர்த்து வாரம் ஒரு முறை மொத்தமாகச் சொல்கிற வேலை அந்த ஷெட்யூலுடையது. டிஸ்க்கைக் காப்பாற்றுகிறேன் என்று, டிஸ்க்கைக் காப்பாற்றுகிற வேலையையே நிறுத்தி வைத்திருந்தேன். மறுபடி ஓடவிட்டேன். சி டிரைவுக்கு நேரே ‘சாலிட் ஸ்டேட் டிரைவ்’ என்று காட்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன். குளோன் எடுத்த மெஷினில் இதை ஒரு தடவை பார்ப்பது நல்லது.

ஆனால் பழைய ஹார்ட் டிஸ்க் காலத்தில் நானே போட்டுவைத்த வேறொரு கம்பெனி டிஃப்ராக் சாஃப்ட்வேர் குளோனில் கூடவே வந்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் எஸ்எஸ்டியை உருட்டிப் புரட்டிக்கொண்டிருந்தது. பதினேழில் ஒன்றுகூட இதைப் பற்றிப் பேசவில்லை. அதை அன்றே தூக்கினேன்.

தேய்மானக் கணக்குக்கு வருகிறேன். என் டிஸ்க்குக்குக் கம்பெனி கொடுத்திருக்கிற வரம்பு 80 டிபிடபிள்யூ. 80 டெராபைட், அதாவது 80,000 ஜிபி எழுதும் வரை உத்தரவாதம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில், வாங்கியதிலிருந்து எவ்வளவு எழுதியிருக்கிறோம் என்று ‘டோட்டல் ஹோஸ்ட் ரைட்ஸ்’ வரியில் வரும். மூன்று வருஷம் முடிந்தபோது பார்த்தேன்: 11,240 ஜிபி. பேஜ் ஃபைல், ஃபைலைச் சீக்கிரம் தேட விண்டோஸ் பட்டியல் போட்டுவைக்கிற இண்டெக்ஸிங், ஃபோட்டோஷாப் ஸ்க்ராட்ச் எல்லாம் திரும்ப ஓட ஆரம்பித்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆன பிறகு வந்த எண் இது. இதே ஓட்டத்தில் போனால் 80,000-ஐத் தொட மொத்தம் இருபத்தோரு வருஷம் ஆகும். அதற்குள் நான் கடையை மூடிவிட்டு காசிக்குப் போயிருப்பேன்.

வரம்பைத் தொட்டதும் டிஸ்க் செத்துவிடும் என்றும் இல்லை. தி டெக் ரிப்போர்ட் என்ற இணையதளம் 2013-இல் ஆறு எஸ்எஸ்டிகளை வாங்கி, சாகும் வரை எழுதிப் பார்த்தது. எல்லாம் 240 முதல் 256 ஜிபி அளவுதான். 2015 மார்ச் வரை ஓடியது அந்தச் சோதனை. ஆறும் 700 டெராபைட்டைத் தாண்டின. கடைசியாக நின்ற சாம்சங் 840 ப்ரோ 2,400 டெராபைட் எழுதிய பிறகுதான் போனது. என் டிஸ்க் அந்தத் தரம் இல்லை, மலிவுச் சரக்கு. இருந்தாலும் வருஷத்துக்கு நாலு டெராபைட்கூட எழுதாத கடைக்கு, எழுதுவதைக் குறைக்கப் பதினேழு செட்டிங் என்பது பஞ்சு மூட்டை தூக்கக் கிரேன் கூப்பிடுவதுதான்.

அண்ணன் மகனைத் திட்ட வேண்டும் போல இருந்தது. திட்டவில்லை, ஏனென்றால் பட்டியல் பொய் இல்லை. பழசு. இன்டெல் எக்ஸ்25-எம் என்ற எஸ்எஸ்டி 2008 செப்டம்பரில் வந்தபோது 80 ஜிபி விலை 595 டாலர். அன்றைய மதிப்பில் இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மேல். 32 ஜிபி, 64 ஜிபி வைத்திருந்தவர்களும் உண்டு. டிரிம் இல்லாத எக்ஸ்பியில், விஸ்டாவில் ஓட்டினார்கள். அவர்களுக்கு ஹைபர்னேஷன் ஃபைல் (மெஷினை அணைக்கும்போது ராமில் இருப்பதை அப்படியே டிஸ்க்கில் இறக்கிவைப்பது) எடுத்துக்கொள்கிற மூன்று நான்கு ஜிபி பெரிய இடம். எழுதுவதைக் குறைப்பது நியாயமான கவலை. அந்த வைத்தியம் அந்த நோய்க்குச் சரி. புது பைக் வாங்கினால் முதல் ஆயிரம் கிலோமீட்டர் நாற்பதைத் தாண்டாதே என்று அப்பா இன்றைக்கும் சொல்வார். அவர் ஓட்டிய வண்டிக்கு அது வேதவாக்கு. எஸ்எஸ்டி பட்டியலும் பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் கைமாறிக் கைமாறி, தேதி உதிர்ந்துபோய், அவன் வாட்ஸ்அப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சில வரிகள் வெறும் அலங்காரம். ஃபைலைக் கடைசியாகத் திறந்த நேரத்தைப் பதியாதே என்று ஒன்று. விஸ்டா காலத்திலேயே விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. அடிக்கடி திறப்பதை முன்கூட்டியே எடுத்துவைக்கிற ப்ரீஃபெட்ச், சூப்பர்ஃபெட்ச் இரண்டையும் விண்டோஸின் உள் செட்டிங்கான ரெஜிஸ்ட்ரியில் போய் பூஜ்ஜியமாக்கு என்று ஒன்று. ஆக்கினேன், திரும்பவும் பழையபடி ஆக்கினேன், இரண்டு தடவையும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இண்டெக்ஸிங்கை நிறுத்தியதுதான் எரிச்சல். “போன தையில அடிச்சோமே, அதே மாடல்ல தேதிய மட்டும் மாத்திக் குடுங்கக்கா” என்று வருகிறவர்கள்தான் எனக்குப் பாதி வியாபாரம். பெயரைத் தட்டினால் ஃபைல் வர வேண்டும். இண்டெக்ஸ் இல்லாமல் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்க, வந்தவர் விசிறிக்கொண்டே இருந்தார்.

ஒரு வரி மட்டும் ஆபத்தானது. டிவைஸ் மேனேஜரில் டிஸ்க்கின் ‘பாலிசீஸ்’ பக்கத்தில், எழுதுவதற்காகத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கிற கேஷை அவ்வப்போது டிஸ்க்கில் இறக்கிவைக்கிற வேலையை நிறுத்த ஒரு டிக் பெட்டி இருக்கிறது. டிக் போட்டால் வேகம் கூடும் என்றது பட்டியல். அந்தப் பெட்டிக்குக் கீழேயே, கரண்ட் போனாலும் டிஸ்க்குக்குத் தனி மின்சாரம் இருந்தால் தவிர இதைத் தொடாதே என்று விண்டோஸ் எச்சரித்திருக்கிறது. நான் படிக்கவில்லை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளை மறந்துபோய் காலை ஒன்பது மணிக்கு ஒரு பத்திரிகையை முடித்துக்கொண்டிருந்தேன். யுபிஎஸ் பேட்டரிக்கு வயதாகியிருந்தது. ஒரு பீப்கூட இல்லாமல் மெஷின் அணைந்தது. சேவ் பண்ணி அரை நிமிஷம் ஆகியிருக்காது. கரண்ட் வந்து திறந்தால் ஃபைல் திறக்கவே இல்லை. அந்த டிக்தான் காரணம் என்று சத்தியம் பண்ண மாட்டேன், சேவ் பண்ணிய கையோடு கரண்ட் போனால் எதுவும் நடக்கலாம். ஆனால் நம் ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பெட்டியில் டிக் போடுவது வம்பை விலைக்கு வாங்குவது. எடுத்தேன். பேட்டரியையும் மாற்றினேன்.

அப்படியென்றால் எதையுமே பார்க்க வேண்டாமா என்று கேட்டால், பார்க்க வேண்டியவை இருக்கின்றன. பட்டியலில் இல்லாதவை.

என் மெஷினில் பெரிய வித்தியாசம் வந்தது பயாஸில், அதாவது விண்டோஸ் எழுவதற்கு முன்பே போர்டில் ஓடுகிற செட்டிங் பக்கத்தில். எட்டு வருஷத்துக்கு முன் விண்டோஸ் போட்டுக் கொடுத்தவர் சாட்டா மோடை, அதாவது போர்டு டிஸ்க்கோடு பேசுகிற முறையை, பழைய ஐடிஇ-யிலேயே விட்டிருந்தார். ஹார்ட் டிஸ்க்குக்கு அது பெரிதாகத் தெரியாது. ஐடிஇ என்றால் டிஸ்க்கிடம் ஒரு வேலையைச் சொல்லி முடிந்த பிறகுதான் அடுத்ததைச் சொல்ல முடியும். புதிய முறையான ஏஎச்சிஐ-யில் முப்பத்திரண்டு வேலை வரை வரிசையில் கொடுத்துவிடலாம், அது தன் வசதிப்படி செய்துகொள்ளும். சரி, மாற்றிவிடுவோம் என்று பயாஸில் மாற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். நீலத்திரை. பூட் டிவைஸை அணுக முடியவில்லை என்றது. வயிற்றைக் கலக்கிவிட்டது.

வழி சுலபம், முன்பே தெரிந்திருந்தால். பயாஸில் திரும்பவும் ஐடிஇ ஆக்கி விண்டோஸுக்குள் போய், சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் ‘சேஃப் பூட்’ டிக் போட்டு ரீஸ்டார்ட். அந்த ரீஸ்டார்ட்டிலேயே பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ ஆக்கிவிட வேண்டும். விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து தனக்கு வேண்டிய டிரைவரைத் தானே எடுத்துக்கொள்ளும். பிறகு சேஃப் பூட் டிக்கை எடுத்துவிட்டு இன்னொரு ரீஸ்டார்ட். பத்து நிமிஷ வேலை. பழைய போர்டு வைத்திருப்பவர்கள் இதை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். புது லேப்டாப்காரர்கள் பெரும்பாலும் இதைத் தொட வேண்டியிருக்காது.

இந்த எச்61 போர்டில் சாட்டா 3 கிடையாது. நான்கு போர்ட்டும் பழைய 3 ஜிகாபிட் சாட்டா 2. வேகம் பார்த்தால் நொடிக்கு 270 எம்பிக்கு மேல் ஏறாது. “அத்த, ஐநூறு வரணும், பாதிதான் வருது” என்று அண்ணன் மகன் போனில் துக்கம் விசாரித்தான். அதற்கு ஒரு செட்டிங்கும் இல்லை. தேவையும் இல்லை. விண்டோஸ் எழுந்திருப்பதும் கோரல் திறப்பதும் ஆயிரக்கணக்கான பொடி ஃபைல்களைப் படிக்கிற வேலை. அந்த 4 கேபி சோதனையில் என் பழைய டிஸ்க் நொடிக்கு அரை எம்பிகூடத் தரவில்லை. எஸ்எஸ்டி இருபதுக்கு மேல் தந்தது. நான் வாங்கிய வேகம் அதுதான்.

எக்ஸ்பி காலத்து டிஸ்க்கிலிருந்து குளோன் எடுத்தவர்களுக்கு இன்னொரு சங்கதி. எக்ஸ்பி டிஸ்க்கின் முதல் பகுதியை (பார்ட்டிஷன்) 63-ஆவது செக்டார் என்கிற சின்னத் துண்டில் ஆரம்பிக்கும், விஸ்டாவிலிருந்து ஒரு எம்பி தள்ளி. 63-இல் ஆரம்பித்தால் எல்லாமே கட்டத்துக்குப் பொருந்தாமல் குறுக்கே விழுந்து, ஒரு பக்கம் எழுத இரண்டு பக்கத்தைத் தொட வேண்டிவரும். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் டிஸ்க்குக்குக் கீழே பார்ட்டிஷன் தொடங்கும் இடம் 10,48,576 என்று இருந்தால் கவலை இல்லை. எனக்கு அப்படித்தான் இருந்தது.

ஃபர்ம்வேரைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. எஸ்எஸ்டிக்குள்ளும் ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கிறது, அதன் சாஃப்ட்வேரிலும் ஓட்டை இருக்கும். குரூஷியல் எம்4 என்ற டிஸ்க் மொத்தம் 5,184 மணி நேரம் ஓடியதும் மணிக்கொரு தரம் விறைத்து நிற்க ஆரம்பித்தது. 2012 ஜனவரியில் ஃபர்ம்வேர் கொடுத்துச் சரி செய்தார்கள். 2019 நவம்பரில் சர்வர் விற்கிற எச்பிஇ (ஹியூலெட் பேக்கார்ட் என்டர்பிரைஸ்) கம்பெனி தன் சர்வர் எஸ்எஸ்டி சிலவற்றுக்கு இதைவிட மோசமான எச்சரிக்கை விட்டது. 32,768 மணி நேரம், அதாவது 3 வருஷம் 270 நாள் 8 மணி நேரம் ஆனால் டிஸ்க் செத்துவிடும், டேட்டாவும் போய்விடும், அதற்குள் ஃபர்ம்வேர் போட்டுவிடுங்கள் என்று. எழுதித் தேய்ந்தது இல்லை, வெறும் மணிக்கணக்கு. பேஜ் ஃபைலை நிறுத்தி வைத்திருந்தவருக்கும் வைக்காதவருக்கும் ஒரே நிமிஷத்தில் சாவு. கம்பெனியின் சொந்த சாஃப்ட்வேரை இறக்கி, புது ஃபர்ம்வேர் இருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒரு தரம் பார்க்கிறேன். பார்க்கும் முன் டேட்டாவை வேறு இடத்தில் வைத்துக்கொள்கிறேன்.

டேட்டா என்றதும் அந்த மஞ்சள் நீராட்டு விழா ஞாபகம் வருகிறது.

உதவிக்கு இருக்கும் பெண் இடம் காலி பண்ணுகிறேன் என்று ஒரு ஃபோல்டரை ஷிஃப்டோடு சேர்த்து டெலீட் அடித்துவிட்டாள். அதில் அந்த மாதத்துப் பத்திரிகைகள் அத்தனையும் இருந்தன. அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். “அழாத, எடுத்துடலாம்” என்றேன் தைரியமாக. ஹார்ட் டிஸ்க் காலத்தில் இந்த மாதிரி இரண்டு முறை ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு மீட்டிருக்கிறேன். அதையே ஓட்டினேன். பெயர்கள் எல்லாம் வந்தன. அளவும் சரியாக இருந்தது. திறந்தால் ஒன்றுமில்லை. உள்ளே முழுக்கப் பூஜ்ஜியம்.

இலையை மூடிவிட்டார்கள், தாளைச் சுருட்டி எடுத்தாயிற்று. டிரிம் ஒழுங்காக ஓடுகிற எஸ்எஸ்டியில் அழித்த ஃபைல் சில நொடியில் போனது போனதுதான். எந்தக் கடையில் கொடுத்தாலும் வராது. நான் திருப்பி ஓடவிட்டது சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அத்தாட்சி இப்படிக் கிடைத்தது. பதினோரு பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிய ப்ரூஃப் படங்களைப் பார்த்துப் பார்த்து மறுபடி அடித்தோம். அந்தப் பெண் இரண்டு நாள் ராத்திரி ஒன்பது வரை இருந்தாள். மஞ்சள் நீராட்டு வீட்டார் மட்டும், தாய்மாமன் பெயருக்கு முன்னால் போட்டிருந்த பட்டத்தை இந்தத் தடவை விட்டுவிட்டோம் என்று கண்டுபிடித்துச் சண்டைக்கு வந்தார்கள்.

அதற்குப் பிறகு பழைய 500 ஜிபி டிஸ்க்குக்கு நிரந்தர உத்தியோகம். சாயங்காலம் ஏழு மணிக்கு எஸ்எஸ்டியில் இருக்கிற வேலை ஃபோல்டர் மொத்தமும் தானாக அதில் நகல் ஆகும். இங்கே அழித்தால் அங்கே அழியாது. வாரக் கடைசியில் ஒரு பென் டிரைவிலும் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். ஏழு மணிக்கு அந்த டிஸ்க் கரகரவென்று சுற்ற ஆரம்பித்தால் கடை கட்டுகிற நேரம் என்று அந்தப் பெண் பையை எடுத்துவிடுவாள்.

திருப்பி மாற்றாத அந்தப் பதினேழாவது எது என்று சொல்லவில்லையே. ஹைபர்னேஷன். அதை நிறுத்தியே வைத்திருக்கிறேன். டிஸ்க் தேயும் என்பதற்காக இல்லை. அது ஓடினால், விண்டோஸைச் சீக்கிரம் எழுப்புகிற ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் ஓடும். அதில் எழுந்தால் என் பழைய லேசர் பிரிண்டர் காலையில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கொஞ்சம் இடமும் மிச்சம். 240 ஜிபி என்று வாங்கினால் விண்டோஸ் காட்டுவது 223 தான், அதில் ஒரு நாற்பது ஐம்பதைக் காலியாகவே வைத்திருக்கிறேன். பந்தியில் காலி இலை இருந்தால்தான் பரிமாறுகிறவருக்கும் கை ஓடும்.

இப்போது விண்டோஸ் 10-க்கே காலம் முடிந்துவிட்டது, 2025 அக்டோபர் 14-உடன். மூன்றாம் தலைமுறை ஐ3-ஐ விண்டோஸ் 11 வாசலிலேயே நிறுத்திவிடும். தைக்குள் வேறு கம்ப்யூட்டர் வாங்க வேண்டும், எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்வதாக உத்தேசம். அண்ணன் மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது. அவன் லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு, அதிலும் வாரம் ஒரு முறை டிரிம் தானாகவே ஓடுகிறது என்று அவனே சொன்னான். பட்டியலைப் பற்றி நானும் கேட்கவில்லை.

சுவரில் ஒட்டிய அந்த ஏ4 தாள் போன மாதம்தான் கோந்து விட்டு விழுந்தது. பதினேழு டிக், அதன்மேல் பதினாறு அடித்தல். பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் வந்திருந்தவரிடம் அதிலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன்: முந்நூறு பத்திரிகை, இரண்டு கலர், கவரோடு. ரேட் கொஞ்சம் பார்த்துப் போடுங்கக்கா என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.